அடுப்புச் சுவரில் எழுதிய வலிகள்

த்ராப் என்றால் விண்விண்ணென்று தெறிப்பது, சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் அது ட்ராப் ஆகிவிடும், ட்ராப் என்றால் கீழே போடுவது, என் புருஷனுக்கு இடுப்பு கீழே போடுகிறது என்று சொன்னால் அந்த மனுஷர் சிரிக்க மாட்டாரா... அன்னபுஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், எச்சில்தான் தெறித்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிச்சர்ட் திரும்பவில்லை. அவன் எதிரே இருந்த ஃபேக்டரி முதலுதவி அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான், கதவுக்குப் பின்னால் இன்னும் யாருமில்லை, பம்பாயிலிருந்து வருகிற டாக்டர் காலையிலேயே வந்துவிடுவார் என்றார்கள், வெயில் தகரக் கூரைமேல் ஏறிவிட்டது, உலைப் பக்கமிருந்து கருகின மணல் வாடை வந்துகொண்டே இருக்கிறது, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சட்டையில் முகர்ந்த அதே வாடைதான், அது உலையிலிருந்து நேராக வரும்போது மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது... சரி, அதை விடு, அடுத்தது என்ன. பர்ன், அது சுலபம், எரிவது. அப்புறம் நா, கடிப்பது இல்லை, எலி கொறிப்பதுபோல உள்ளேயிருந்து கொறிப்பது, எழுதும்போது முன்னால் ஒரு ஜி இருக்கும், சொல்லும்போது இருக்காது, ஏன் டீச்சர் இருக்காது என்று கேட்டதற்கு கங்கா டீச்சர் யோசித்துவிட்டு, “அது அப்படித்தான் அன்னபுஷ்பம், இருக்கும், ஆனா பேசாது” என்றாள். இருக்கும், ஆனால் பேசாது. இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதுபோல.

பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கிலி நழுவி, இரும்பு வார்ப்புகள் அடுக்கிய பெட்டி ஒன்று ஊஞ்சலாடி வந்து அவன் இடுப்பின் பின்பக்கத்தில் இடித்தது, இடித்தது அவ்வளவுதான், ரத்தம் வரவில்லை, ரத்தம் வந்திருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள், அவன் எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டானாம், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்றானாம், கூட இருந்தவர்கள் சொன்னது. வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் குப்புறத் திரும்ப முடியாமல் பாயைப் பிறாண்டினான். அப்போதும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா, மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டான், அந்த மூச்சை வைத்துத்தான் இது குத்தலா குடைச்சலா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஏழு வயசு மகன் ஜோயலுக்குக்கூட வயிற்றுவலி வந்தால் இங்க வலிக்குது அங்க வலிக்குது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியும். மாத்திரை, தைலம், மறுபடி மாத்திரை. லைனில் நிற்க முடியவில்லை என்று லீவு, லீவுக்கு மேல் லீவு, கடைசியில் ஜூன் மாதம் பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து இதே டாக்டர் வந்து பார்த்தார். அன்றைக்கு அவள் கதவோரத்தில் நின்று எவ்வளவு சொன்னாள். இடுப்புலேர்ந்து கெண்டக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது சார், முள்ள வச்சி குத்துறாப்பல கீது, ஒரு நேரம் நெருப்பாட்டம் எரியுது, ஒரு நேரம் யாரோ முறுக்கிப் புடுங்கறாப்பல புடுங்குது, தூக்கமே கெடையாது சார்... எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பர்சனல் ஆபீசர் ரகுபதி டாக்டர் பக்கம் திரும்பி, “பெயின், சார். ஹி சேஸ் பெயின்” என்றார். அவ்வளவுதான். அவள் கொண்டுபோய்க் கொட்டிய ஒரு கூடை முள்ளும் நெருப்பும் ஒரு சின்னச் சொல்லாகிவிட்டது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொன்னதாக ரகுபதி சொன்னார், இன்னொரு தடவைதான், அதோடு சரி.

அந்த இன்னொரு தடவை இன்றைக்கு. காலையில் பென்னலூரில் பஸ் ஏறினார்கள், நெடுஞ்சாலையில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்கள், மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு இந்தப் பக்கம் இது வழக்கமாகிவிட்டது, அவள் பையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் தவிர என்ன இருக்கிறது, தலையில் இருப்பதைத் திறந்து பார்த்தால் வேண்டுமானால் பயந்துபோவார்கள், குத்துகிறது கிழிக்கிறது எரிக்கிறது முறுக்குகிறது என்று எல்லாம் ஆயுதமாக அல்லவா இருக்கும். ரிச்சர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது காலைக் கையால் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தான். ட்ரேக். ஹி ட்ரேக்ஸ் ஹிஸ் லெஃப்ட் லெக். இழுத்துக்கொண்டு நடப்பது. அதையும் சொல்ல வேண்டும், மறந்துவிடக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூரில் அந்த நர்சரி பள்ளியில் அவள் ஆயா, பிள்ளைகளுக்கு மூக்கு துடைப்பது, டிபன் டப்பாவைத் திறந்துகொடுப்பது, சேற்றுக் காலைக் கழுவிவிடுவது. ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கங்கா டீச்சர் முன்னால் போய் நின்றாள். “டீச்சர், சுண்டி இழுக்குதுன்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்வாங்க?” டீச்சர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “பெயினிங்னு சொல்லலாம்.” “எரியுதுன்றதுக்கு?” “அதுவும்... பெயினிங்தான்.” “அவங்களுக்கும் வலிக்கும் இல்ல டீச்சர், அப்ப அவங்களாண்டயும் வார்த்தை இருக்கணுமே.” டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று அன்னபுஷ்பம் பயந்தாள், ஆனால் அடுத்த வாரம் டீச்சர் எங்கிருந்தோ தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, “எனக்கே பாதி தெரியாது, வா, ரெண்டு பேரும் பார்க்கலாம்” என்றாள். இருந்தது. எவ்வளவு இருந்தது. வலிப்பதற்கு இத்தனை, நடப்பதற்கு இத்தனை, நொண்டுவது லிம்ப், தள்ளாடுவது ஸ்டேகர், காலைத் தேய்த்துக்கொண்டு போவது ஷஃபில், அழுவதற்கு மட்டும் ஒரு பக்கம், விம்முவது தேம்புவது ஓலமிடுவது எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. வெள்ளைக்காரன் இவ்வளவு அழுதிருக்கிறானா என்று அவளுக்கு ஆச்சரியம். பெயர்ச்சொல் வேண்டாம் டீச்சர், வலி என்கிற பெயர் அவர்களுக்குத் தெரியும், அது என்ன செய்கிறது என்பதுதான் தெரியவில்லை, செய்கிறதைச் சொல்லுங்கள் என்றாள், வினைச்சொல், பள்ளியில் படித்தது, பத்தாம் வகுப்புவரை படித்ததில் அது ஒன்றாவது உதவிற்றே.

வகுப்பு பெருக்கும்போது கிடைக்கிற சாக்பீஸ் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அடுப்புக்குப் பின்னால் புகையேறிக் கறுத்த சுவர், கரும்பலகைக்கு அது எந்த விதத்தில் குறைச்சல், சோறு கொதிக்கும்போது ஒன்று, குழம்பு தாளிக்கும்போது ஒன்று, தமிழில் எழுதி அதன் கீழே இங்கிலீஷில் எழுதுவாள், ஆவி பட்டு எழுத்து வழிந்தால் மறுபடி எழுதுவாள். ஜோயல் சத்தம்போட்டுப் படிப்பான், அவனுக்கு உச்சரிப்பு அவளைவிடச் சுலபமாக வந்தது. ரிச்சர்ட் சுவரில் சாய்ந்து சாப்பிட்டபடியே பார்ப்பான். ஒரு நாள், “ரெஞ்ச்சா? அது எங்க ஸ்டோர்ல கீதே, நட்டு கழட்றது” என்றான். “வலிக்கும் அதத்தான் சொல்வாங்களாம் ஜோயல் அப்பா, முறுக்கிப் புடுங்கறதுக்கு.” “அப்படியா” என்றவன் சாப்பாட்டுக் கையோடு வெகுநேரம் சுவரையே பார்த்தான். “எவ்ளோ வலி எழுதி வச்சிகீற அன்னம்” என்றான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நாளில் அவன் அவளைப் பாராட்டி ஒன்று சொன்னான் என்றால் அதுதான்... அது பாராட்டுதானே? குரல் ஒரு மாதிரி இருந்ததோ? அன்றைக்கு அவன் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனான், குழம்பில் உப்பு கூடிப்போயிற்று என்றுதான் நினைத்தாள்.

ஒன்றுதான் வரவே மாட்டேனென்கிறது, குத்துவது, கத்தியால் குத்துவதுபோலக் குத்துவது. டீச்சர் வாயை அகலமாகத் திறந்து ஸ்டேப், ஸ்டேப் என்று காட்டினாள். அவள் வாயில் அது ஸ்டாப் என்றே வந்தது. “ஸ்டாப்னா நிறுத்தறது. பஸ் ஸ்டாப். இது வேற. உதட்ட இழு, பல்லு தெரியணும்.” பல்லைக் காட்டிச் சொன்னால் வருகிறது, ஆனால் புருஷனுக்கு வலிக்கிறது என்று சொல்லும்போது பல்லைக் காட்ட முடியுமா...

செருப்புச் சத்தம். ரகுபதி. கையில் காகிதக் கட்டு, கழுத்தில் வியர்வை. “இந்தாம்மா, நீ எதுக்கு வந்த? ஸ்கூலு இல்லையா?”

“லீவு சொல்லிட்டு வந்தேன் சார். டாக்டராண்ட நான் பேசணும்.”

“அவருக்குத் தமிழ் வராதேம்மா.”

“தெரியும் சார். நான் இங்கிலீஷ்லயே பேசறேன்.”

அவர் சிரிப்பார் என்று அவள் தயாராக இருந்தாள், சிரிக்கவில்லை, பெஞ்சின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “பாரு, இன்னிக்கு அவரு ஃபிட்டுனு போட்டாருன்னா திங்கக்கிழமை ரிச்சர்ட் லைன்ல நிக்கணும். நிக்கலைன்னா அவனா வேலைய வுட்டுட்டான்னு அர்த்தம். மேல முடிவு பண்ணிட்டாங்க. என் கையில ஒண்ணுமில்ல.” அவள் தலையாட்டினாள். அந்தப் பெட்டியில் பாதி எடையைக்கூட அவனால் தூக்க முடியாது, தூக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான், உட்கார்ந்தால் பிறகு எழுந்திருப்பானா... ரகுபதியைத் திட்டவும் மனசு வரவில்லை, அவர் வீட்டிலும் யாருக்காவது எங்காவது வலிக்கும். ரிச்சர்ட் இதையெல்லாம் கேட்டானா இல்லையா தெரியவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஜோயல் அப்பா, உள்ள போனதும் நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ஒண்ணுமில்ல சார்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் பாத்துக்கறேன்.” “ம்” என்றான். “இப்ப வலி கீதா?” “கீது” என்றான். எப்போது கேட்டாலும் அதே கீதுதான்.

டாக்டர் வந்தபோது மத்தியான சங்கு ஊதிவிட்டிருந்தது. நரைத்த, சின்ன உருவம், கார் பயணத்தில் கசங்கின சட்டை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ரிச்சர்டின் காகிதங்களைப் புரட்டினார். ரகுபதி வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டடி முன்னால் போய்விட்டாள், கால் நடுங்கியது, நடுங்குவதற்கும் இரண்டு மூன்று சொல் இருந்ததே, இப்போது எதற்கு அது... “சார். ஹிஸ் பேக். இட் த்ராப்ஸ், சார்.” நாக்கு வெளியே வந்தது, சரியாக வந்தது. டாக்டர் நிமிர்ந்தார். “எவ்ரி நைட், சார். இட் பர்ன்ஸ். லைக் ஃபயர். ஹி ட்ரேக்ஸ் ஹிஸ் லெஃப்ட் லெக்.” டாக்டர் பேனாவைத் திறந்தார், திறந்தார், எழுதுகிறார், ஜூன் மாதத்தில் இவ்வளவு எழுதவில்லை, ரகுபதி அவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார், ஆண்டவரே, புரிகிறது அவருக்கு, நான் சொல்வது ஒரு மனுஷருக்குப் புரிகிறது. “இட் நாஸ், சார்.” “வாட்?” அவள் விரல்களைக் குவித்து எலி கொறிப்பதுபோல உள்ளங்கையில் செய்து காட்டினாள். “ஆ,” என்றார் டாக்டர், “நாஸ். குட்.” குட் என்றார். வலிப்பதை நல்லது என்றதற்கு அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில், அந்த வேகத்தில் உதட்டை இழுக்க மறந்துபோயிற்று, “அண்ட் இட் ஸ்டாப்ஸ், சார்” என்று சொல்லிவிட்டாள்.

பேனா நின்றது. “இட் ஸ்டாப்ஸ்? தி பெயின் ஸ்டாப்ஸ்?” ஐயோ, இல்லை, அது இல்லை. “நோ சார், நாட் ஸ்டாப், சார். ஸ்டாப்... ஸ்டாப்...” எத்தனை தடவை சொன்னாலும் அதே பஸ் ஸ்டாப், அதே நிறுத்தம், வாய் மரக்கட்டையாகிவிட்டது, கை முட்டியை மடக்கித் தன் இடுப்பிலேயே குத்திக் காட்டினாள், ஆனால் டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு மேலாக ரிச்சர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனிடம் நேராகவே கேட்டார். “பெயின். ஸ்டாப்?” அது அவனுக்குத் தெரிந்த சொல். மெஷினில் சிவப்புப் பொத்தானுக்கு மேலே எழுதியிருப்பது, அழுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். ரிச்சர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “யெஸ் சார்” என்றான். “பெயின் ஸ்டாப். ஃபுல் ஸ்டாப், சார்.”

முடிந்தது. ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டான். “இன்னா சொல்றீங்க ஜோயல் அப்பா, இன்னா சொல்றீங்க” என்று அவள் கேட்டது அவள் காதுக்கே கேட்கவில்லை, திங்கட்கிழமை, லைன், பெட்டி, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்காருவான்... ரகுபதி மெதுவாக, “ஸோ, ஃபிட், சார்?” என்றார். டாக்டர் பேனாவை மூடினார். ரிச்சர்டைப் படுக்கச் சொல்லிக் கைகாட்டினார். மேசையில் காகிதங்களில் குத்தியிருந்த குண்டூசி ஒன்றை உருவி, பஞ்சில் துடைத்து, முதலில் வலது பாதத்தில் வைத்தார், ரிச்சர்ட் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு இடது பாதம். விரல். பாதத்தின் நடு. குதிகால். கணுக்கால். ரிச்சர்ட் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி போன இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் எழுந்து நின்றது, அன்னபுஷ்பத்தின் கால்விரல்கள்தான் செருப்புக்குள் சுருண்டன. டாக்டர் அவள் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார். “டஸ் ஹி ஃபீல் திஸ்?”

ஃபீல். அது தெரியும், அது சுவரில் இல்லை, எழுத வேண்டும் என்றே தோன்றாத சின்னச் சொல். அவள் ரிச்சர்டிடம் குனிந்தாள். “தெரியுதா?” “எது?” என்றான் அவன். எது என்று கேட்டான்.  ஆடி மாதத்தில் ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றானே, இன்னொண்ணு எங்கே என்றதற்குக் குனிந்து காலைப் பார்த்துவிட்டுத் திகைத்தானே, ஞாபகமறதி என்று நினைத்துச் சிரித்தாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கங்கு விழுந்து பாதத்தில் கொப்புளம் போட்டிருந்ததே, எப்படித் தாங்கினீங்க என்று தேங்காயெண்ணெய் தடவினாள், ஆம்பளைக்கு எவ்வளவு பொறுமை என்று கங்கா டீச்சரிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள்... அவன் தாங்கவே இல்லை. தாங்குவதற்கு அங்கே ஒன்றும் வரவே இல்லை.

“எப்பலேர்ந்து?”

“ஆடிக்கு முன்னாடியே இடுப்பு வலி வுட்டுப்போச்சி அன்னம். அப்பால வெரலு மரத்துச்சி. பொறவு பாதம். இப்ப முட்டி வரைக்கும்.”

“ஏன் சொல்லல?”

அவன் மின்விசிறியையே பார்த்தபடி சொன்னான். “வலி இல்லன்னா ஃபிட்டுனு போட்டுருவாங்கன்னு நீதான சொன்ன. நீ பாட்டுக்கு செவுத்துல எழுதிக்கினே கீற. தெனம் ஒண்ணு. அதப் பாத்துக்கினு ஒண்ணுமே வலிக்கலன்னு எப்படி சொல்றது.”

“நான் கேட்டப்பலாம் கீது கீதுன்னீங்களே.”

“வலி கீதான்னு கேட்ட. கீதுன்னேன். வேற ஒண்ணும் நீ கேக்கல” என்றான், குறை சொல்கிற குரலில் இல்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல.

இதை எப்படிச் சொல்வது, மரத்துப்போவதற்கு அவளிடம் சொல் இல்லை, சுவர் முழுக்கத் தேடிப் பார்த்தாள், குத்துகிறது எரிகிறது கொறிக்கிறது தெறிக்கிறது, எல்லாம் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறது, ஒன்றுமே செய்யாததற்கு ஒன்றும் எழுதவில்லை. “நோ சார்” என்றாள். “நோ ஃபீல். ஃபிங்கர், ஃபூட், முட்டி வரைக்கும், சார்... நோ.” “நம்ப்?” என்று கேட்டார் டாக்டர். அவளுக்கு அது தமிழாகவே கேட்டது, நம்பு என்கிறாரா, எதை நம்புவது, பிறகுதான் அந்தக் கேள்விக்குறி உறைத்தது. “யெஸ் சார். யெஸ்.” டாக்டர் ரிச்சர்டின் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், பாதத்தை மேலே மடக்கச் சொன்னார், பாதம் அசையவில்லை, தொங்கியது. அவர் குரல் மாறிவிட்டது. ரகுபதியிடம் வேகமாக ஏதோ கேட்டார், ரகுபதி முதன்முறையாக ஒரு சொல்லையும் விடாமல், கூச்சப்பட்டுக்கொண்டே தமிழில் சொன்னார். “ஒண்ணுக்குப் போறது தெரியுதான்னு கேக்கறாரு. தன்னால போயிடுதா?” ரிச்சர்ட் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “ரெண்டு மூணு வாட்டி” என்றான். “தூக்கத்துல. தெரியல.” அன்றொரு நாள் விடியற்காலையில் பாய் நனைந்திருந்தது. ஜோயல்தான் என்று அவள் ஜோயலை அடித்தாள், ஏழு வயசுக் கழுதைக்குப் பாயை நனைக்க வெட்கமில்லையா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, பிள்ளை நான் இல்லைம்மா நான் இல்லைம்மா என்று அழுதது. அப்போது இவன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியதோ? அதற்கும் அந்தத் தடிப் புத்தகத்தில் ஒரு சொல் இருந்தது, சத்தம் வராமல் அழுவதற்கு, அவள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள், டாக்டருக்குத் தேவைப்படாது என்று.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது, ஃபிட் என்கிற பேச்சே இல்லை, டாக்டர் நின்றபடியே மெட்ராஸுக்குப் போன் போடச் சொன்னார், ஆளை உட்கார வைக்காதே படுக்க வைத்துக் கொண்டுபோ என்றார், இன்றைக்கே என்றார், ஆபரேஷன் என்ற சொல் அவளுக்குப் புரிந்தது, முதுகெலும்பு என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். ரகுபதி சட்டையெல்லாம் நனைய ஓடிப்போய் கம்பெனி வேனைக் கதவோரம் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார், ஷெட்டிலிருந்து நாலு பேர் வந்து பலகையோடு தூக்கினார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை மாதம் சேர்த்தது எல்லாம் தலைக்குள் கிடக்கிறது, த்ராப், நா, ரெஞ்ச், பர்ன், கேட்பாரில்லாமல், அவற்றைக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பாதத்தை ஒரு தடவை கிள்ளிப் பார்த்திருந்தால்... அல்லது வலித்தது நின்றுவிட்டதா என்று ஒரு தடவை, தமிழில்... டாக்டர் மூலையில் இருந்த குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பின்னால் நின்றாள். கேட்கத் தெரிந்தது, சொல்லெல்லாம் சின்னச் சொல். “சார். வில் ஹி வாக்?”

 “ஹி மே,” என்றார். கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தார். “ஹி மே நாட்.”

மே. இதுவும் தெரிந்ததுதான், வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள், மே ஐ கோ அவுட் மிஸ், டீச்சர் யூ மே என்பாள், பிள்ளை கதவைத் தாண்டி ஓடும். அப்படியானால் நடக்கச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டாரா? கொடுத்துவிட்டு ஏன் உடனே கூடாது என்கிறார்? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உத்தரவு கொடுக்கிறவர்களின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும், இது அது இல்லை. அவருக்குத் தெரியவில்லை. பம்பாயிலிருந்து வந்தவருக்கு, இவ்வளவு இங்கிலீஷ் தெரிந்தவருக்கு, தெரியவில்லை. கை துடைக்கத் துண்டு தேடினார், தன் பையிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள், தேங்க்யூ என்றார்.

வேனுக்குள் ரிச்சர்ட் பலகையில் மல்லாந்து கிடந்தான். அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள், கேட் திறந்தது, வண்டி பெங்களூர் ரோட்டில் ஏறும்போது குலுங்கியது, அவன் இடது கால் பலகையிலிருந்து நழுவித் தொங்கியது, அவனுக்கு அது தெரியவில்லை, அவள் அதை எடுத்து மேலே வைத்து, வைத்த கையை அதன்மேலேயே விட்டாள். சூடாகத்தான் இருந்தது, அவள் கை அங்கே இருப்பது தெரியாமல் சூடாக இருந்தது.

“இன்னா சொன்னாரு?” என்றான்.

இதுவரை அவன் எதையும் கேட்டதில்லை. மாத்திரை கொடுத்தால் முழுங்குவான், கூட்டிப்போனால் வருவான். இப்போது கேட்கிறான், அவள் சரியாகச் சொல்ல வேண்டும், ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல், ரகுபதி மாதிரி ஒரு சொல்லில் முடித்துவிடாமல். நடப்பீங்க என்று சொன்னால் அது பொய், நடக்க மாட்டீங்க என்றாலும் பொய், வேறு எப்படி... தேடினாள், கிடைத்தது, நல்ல சொல்தான் என்று தோன்றியது.

“நடக்கலாம்னாரு” என்றாள்.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், முகத்தில் ஏதோ தெளிந்தது, இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றி எழப் பார்த்தான்.

“இப்பவா?” என்றான்.